கழட்டி வைக்காதீங்க

நாத்தனார் வாயால் அண்ணியைப் புகழ்வது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோது என் அண்ணனே, "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அவன் பெண்டாட்டியையே கூப்பிட்டு எனக்குப் பட்டை மாட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

பட்டை மாட்டுவதுதான் அண்ணியின் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கொஞ்ச நாள் கண்காணிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்கள் வீடுகளுக்குப் போய்க் கருவிகளைப் பொருத்திவிட்டு வருவாள். கையில் ஒரு பட்டை. அது நாடியையும் நடையையும் பார்க்கும். மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்பு, மூச்சைப் பார்க்கும். குளியலறைக் கதவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு காந்தம். உள்ளே போனவர் நேரத்தில் வெளியே வந்தாரா என்று பார்க்கும். இவை எல்லாம் சேதி சொல்வது ஒரே ஒரு பெட்டியிடம். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், அலமாரியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

"நாங்க பண்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுமா?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். அண்ணிக்கு இதற்கு ஒரு பதில் மனப்பாடம். "போகாதும்மா. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளயே வெச்சு இதுவே யோசிச்சுக்கும். தினமும் எங்களுக்கு நாலு வரி எழுதிப் போடும். அவசரம்னா மட்டும் கத்தும்." போன மழைக்கு இரண்டு நாள் இணையம் படுத்துவிட்டது. அப்போது ஒரு வீட்டில் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. பெட்டி யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அங்கேயே கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து ஆளைக் காப்பாற்றினார்கள். அண்ணி அதைப் பெற்ற பிள்ளையின் பரீட்சை மார்க்கைப் போல ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நான் தையல்காரி. என் நாக்கையும் தொழிலையும் சேர்த்து அண்ணி எனக்கு வைத்த பெயர் ஊசி. பட்டையோடு வருகிற பிளாஸ்டிக் வார், வயதானவர்களின் தோலை அரித்துவிடுகிறது என்று ஒருநாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் போட்டாள். அன்றிலிருந்து பருத்தித் துணியில், ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ வைத்து நான்தான் வார் தைத்துக் கொடுக்கிறேன். என் நோட்டில் அறுபத்திரண்டு பேருடைய மணிக்கட்டு அளவு இருக்கிறது. பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் பையைத் திறக்கவே மாட்டாள். எந்த நாற்காலியில் அதிகம் உட்காருவீங்க, எந்தக் கதவு இழுத்தால்தான் மூடும், கண்ணாடியை எங்கே கழற்றி வைப்பீங்க என்று கேட்டுக்கொண்டே சுற்றி வருவாள். மெத்தை விரிப்பைச் சோதிக்க முன்பின் தெரியாதவர்கள் கட்டிலில் தானே படுத்து மூச்சு விட்டுப் பார்ப்பாள். ஒரு வீட்டில் நிஜமாகவே தூங்கிவிட்டாள். "ஆழ்ந்த உறக்கம்" என்று பெட்டி சரியாகச் சொன்னதாம். அந்த வீட்டுக்காரம்மா எழுப்ப மனமில்லாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது டிரில் மாஸ்டர் வீட்டுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வரிசை கட்டியவர். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையவில்லை. கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். அவர் மனைவி அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். இன்றைக்கும் வீட்டுக்கு எந்த அழைப்பு வந்தாலும் யார், எத்தனை மணிக்கு என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பார். நாங்கள் ஆபரேட்டரம்மா என்போம். அவருக்குத்தான் இதயம் பலவீனமாகி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் இருவர்தான்.

அண்ணி பட்டை மாட்டிவிட்டுச் சொன்னது இரண்டே விஷயம். "தண்ணி பட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா குளிங்க. எந்தக் காரணத்துக்காகவும் கழட்டி வைக்காதீங்க. கழட்டி வெச்சா பெட்டி கத்தும், எனக்கு போன் வந்துரும்."

முதல் விஷயத்தை ஆபரேட்டரம்மா நம்பவில்லை. மின்சார சாமானைக் கட்டிக்கொண்டு யார் குளிப்பார்கள்? மறுநாள் காலை கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பெட்டி கத்தியது. அண்ணி பாதித் தலை பின்னியும் பாதி பின்னாமலும் ஸ்கூட்டரில் பறந்தாள். மாஸ்டர் கதவைத் திறந்து ஸ்டாப் வாட்சைப் பார்த்தாராம். "பதினொரு நிமிஷம்" என்றாராம். ஆபரேட்டரம்மாவுக்கு அண்ணியின் தலையைப் பார்த்ததும் ஒரே வருத்தம். "எங்களால உனக்கு எவ்வளவு தொந்தரவு பாரும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் இல்லை. மூன்று வாரம் ஒரு நிமிஷம்கூடப் பட்டை கையை விட்டு இறங்கவில்லை. "ஒழுங்குன்னா அவங்ககிட்ட கத்துக்கணும்" என்று மற்ற வீடுகளில் போய்ச் சொல்லுவாள்.

நாலாவது வாரம் பெட்டியின் நாலு வரியில் ஒரு புது வரி வந்தது. காலை ஆறு நாற்பதிலிருந்து ஏழு வரை துடிப்பு சீராக இல்லை. மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும். டாக்டர் ஆபரேட்டரம்மாவை வரவழைத்து ஈசிஜி எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. "காலையில மட்டும் வந்துட்டுப் போகுது போல" என்று முடிவு கட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வேறு மாத்திரை. கொஞ்சம் கடுமையான மாத்திரை. தடம் மாறுகிற துடிப்பைப் பிடித்து நிறுத்தும், ஆனால் ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை இன்னும் தளர்த்தவும் செய்யும். டாக்டருக்கே மனசில்லை. "வேற வழி இருந்தா நான் கொடுக்க மாட்டேன்" என்று அண்ணியிடம் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"என்ன அண்ணி?"

"குளிக்கிற நேரத்துல மட்டும் ஏன் வரணும், ஊசி?"

"தண்ணி சில்லுனு இருந்திருக்கும்."

"சுடு தண்ணியிலதான் குளிக்கிறாங்க. நான் கேட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு வருவது பெட்டி எழுதுகிற சுருக்கம்தான். ஒவ்வொரு துடிப்பின் அலையும் பெட்டிக்குள்தான் இருக்கும், அதுவும் பத்து நாளைக்கு மட்டும். பிறகு பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டி இருக்கிற இடத்துக்கே போக வேண்டும். டாக்டர் பார்த்துச் சொல்லியாகிவிட்டது, இனி இவள் போய்ப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை வேறு. ஆனாலும் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆபரேட்டரம்மாவின் வார் பழசாகியிருக்கும் என்று புதிதாக ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

அண்ணி அலமாரிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பெட்டியை மடிக்கணினியோடு இணைத்தாள். மாஸ்டர் எங்களுக்குத் தேநீர் போட உள்ளே போனார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்ததில் அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது. "முழங்கால்" என்றார், நாங்கள் கேட்காமலே.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இதைப் பாரு. ஆறு முப்பத்தெட்டுக்கு குளியலறைக் கதவு மூடுது. ஏழு மணிக்குத்தான் திறக்குது."

"சரி."

"அந்த நேரத்துல பட்டை நானூத்திப் பன்னெண்டு அடி நடக்குது."

எனக்கு ஒரு நொடி ஆனது. குளியலறைக்குள் நானூறு அடி நடப்பதென்றால் அம்மா வாளியைச் சுற்றிப் பிரதட்சிணம் வந்திருக்க வேண்டும்.

நான் ஆபரேட்டரம்மாவின் கையிலிருந்த பழைய வாரைப் பிரித்தேன். அப்போது என் கண்ணில் பட்டது அதுதான். வெல்க்ரோவில் ஒட்டி ஒட்டிப் பஞ்சு எழுகிற தடம் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். மணிக்கட்டு தினமும் பெருத்து இளைக்காது. இதில் இரண்டு தடம். ஒன்று ஆபரேட்டரம்மாவின் ஒல்லிக் கைக்குச் சரி. இன்னொன்று இரண்டு விரல் தள்ளி, தடித்த கைக்கு.

"அண்ணி, இந்தப் பட்டையை ரெண்டு பேர் போட்டிருக்காங்க" என்றேன்.

மாஸ்டர் தட்டோடு வந்து நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம் இல்லை அது. கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றார்.

"ஆமா. இவ குளிக்கப் போறப்போ நான் போட்டுக்குவேன். ஏன்?"

"மாஸ்டர், கழட்டி வைக்காதீங்கன்னு சொன்னேனே" என்றாள் அண்ணி.

"வைக்கலையேம்மா. அவ கையிலேருந்து நேரா என் கைக்கு. ஒருநாள்கூட மேசையில வைக்கல."

ஆபரேட்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ அன்னிக்கு அரைத் தலையோட ஓடி வந்தியா, மனசு கேக்கலை. பெட்டிக்குக் கை சூடு இருந்தாப் போதும்போல, கத்தாம இருக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை படித்த பெட்டி, இத்தனை பெரிய டாக்டர், எல்லோரையும் ஒரு 'வை' கவிழ்த்துவிட்டது. சொன்ன சொல்லைப் பிசகாமல் செய்தவர் அவர் ஒருவர்தான். நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. காலையில் தடம் மாறித் துடித்தது ஆபரேட்டரம்மாவின் இதயம் இல்லை.

"மாஸ்டர், இப்படி உக்காருங்க. கையைக் கொடுங்க."

"எனக்கென்ன? நான் தினமும் கூடத்துல நடக்கறேன்."

"தெரியும். நானூத்திப் பன்னெண்டு அடி. கையைக் கொடுங்க."

அவர் கொடுத்தார். அண்ணி மூன்று விரலை நாடியில் வைத்து, அவர் கழுத்திலிருந்த ஸ்டாப் வாட்சையே பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள். பிறகு இன்னொரு நிமிஷம். பிறகு பட்டையை அவர் கையில் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தக் காலை நேர அலைகள் அப்படியே வந்தன. ஒன்று நெருங்கி, ஒன்று விலகி, எந்த வரிசையிலும் நிற்காமல். வாழ்நாள் முழுக்க வரிசை கட்டியவருக்கு இப்படி ஒரு இதயம்.

ஆபரேட்டரம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "இது இவரோடதுதான்" என்றார். "சாய்ஞ்சு படுக்கும்போது காதுல கேக்கும். விட்டு விட்டு அடிக்கும். என் காதுதான் பழுதாப் போச்சுன்னு நெனச்சேன்."

அண்ணி அங்கிருந்தே டாக்டருக்கு போன் போட்டாள். திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தச் சொன்னாள், காரணத்தைச் சொன்னாள், மாஸ்டருக்கு உடனே நேரம் வாங்கினாள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "தப்பு என்னோடது டாக்டர். நான் சொன்ன விதம் சரியில்ல. எழுதிக் கொடுத்துடறேன்."

வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். யார் பட்டையை யார் கட்டிக்கொண்டதற்கு இவள் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்ளவா? சிக்னலில் நின்றபோது திரும்பினாள். "அவர் நான் சொன்னதைச் செஞ்சாரு, ஊசி. சொன்னது யாரு?" விளக்கு மாறியது, வண்டியைக் கிளப்பிவிட்டாள். எழுதியும் கொடுத்தாள். வேலை போகவில்லை, எல்லா வீடுகளுக்கும் கொடுக்கிற தாளில் மட்டும் ஒரு வரி கூடியது. 'இந்தப் பட்டையை இவரைத் தவிர வேறு யாரும், ஒரு நிமிடம்கூட, அணியக் கூடாது.' பட்டையைக் கட்டியபடியே ஒரு வாளித் தண்ணீருக்குள் தன் கையை அமுக்கிக் காட்டுவதும் அன்றிலிருந்து அவள் வழக்கத்தில் சேர்ந்தது. ஆபரேட்டரம்மாவும் அதைப் பார்த்த பிறகுதான் பட்டையோடு குளிக்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் விஷயம் அத்தனை எளிதாக முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இப்படித் துடிக்கிற இதயத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், அது மூளைக்கு ஏறினால் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் என்றார். மருந்தை உடனே ஆரம்பித்தார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத் துடிப்பை நேர் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். மாஸ்டர் மாத்திரையை வாங்கிக்கொண்டார், தன் அளவுக்குத் தனிப் பட்டையும் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர மாட்டேன் என்றார். முதலில் முழங்கால் என்றார். பிறகு தண்ணீர்க் குழாய் சரி செய்ய ஆள் வருகிறான் என்றார். அண்ணி மூன்று முறை போய் வந்தாள். மூன்று முறையும் ஒவ்வொரு சாக்கு. "கிழவருக்கு ஊசின்னா பயம்" என்று நான் சொன்னேன். "இல்ல" என்றாள் அண்ணி.

இப்படியே இரண்டு வாரம் போனது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியின் போன் கத்தியது. ஆறு நாற்பது. ஆபரேட்டரம்மாவின் பட்டை கையில் இல்லை.

இரண்டு வாரமாகக் குளிக்கும்போதும் கழற்றாதவர். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "கூட வா, தூக்கணும்னா ரெண்டு கை வேணும்" என்றாள். ஸ்கூட்டர் போன வேகத்தை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

வாசல் கேட்டில் மாஸ்டர் நின்றார், இஸ்திரி போட்ட சட்டையில், நெஞ்சை நிமிர்த்தி. நாங்கள் இறங்கியதும் ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

"ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட்."

உள்ளே ஆபரேட்டரம்மா நாற்காலியில் நலமாக உட்கார்ந்திருந்தார். பட்டை மேசையில் இருந்தது. பெட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மாஸ்டரின் வயதெல்லாம் கண்ணில் படவில்லை. "என்ன விளையாட்டு இது? வழியில விழுந்து செத்திருப்போம்" என்று ஆரம்பித்தேன்.

"இந்தத் தடவை நான்தாம்மா கழட்டி வெச்சேன்" என்றார் மாஸ்டர். "ரெண்டு நாள் நான் இங்க இருக்க மாட்டேன். இவளுக்கு ஒண்ணுன்னா, இது கத்தினா, யாராவது வர்றாங்களான்னு எனக்குத் தெரியணும்ல?"

ஊசி என்று பெயர் வாங்கியவள் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. துண்டு, சோப்பு, கண்ணாடிக் கூடு எல்லாம் எடுத்துவைத்து, ஜிப் போட்டு, தயாராக.

அண்ணி ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பட்டையை ஆபரேட்டரம்மாவின் கையில் கட்டினாள். பெட்டி வாயை மூடுகிற வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"நேரம் போதுமா சார்?"

"எட்டு நிமிஷத்துக்குள்ள வந்தா நல்லது."

"எட்டுக்குள்ள வரேன்."

மாஸ்டர் கழுத்திலிருந்து ஸ்டாப் வாட்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "இவங்க வர்ற நேரத்தைக் குறிச்சு வை. வந்து பாப்பேன்." பையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.

இரண்டு நாளும் பெட்டி ஒரு தடவைகூடக் கத்தவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் சீரான துடிப்போடு வீட்டுக்கு வந்தார், அழைத்துவந்தது நாங்கள்தான். செருப்பை விட்டதும் முதலில் கேட்டது நோட்டை. ஆபரேட்டரம்மா எடுத்துக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. அவர் படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினார், அவள் தோளுக்கு மேலே எட்டி நானும் படித்தேன்.

'புதன், காலை 6.40. கூப்பிடவில்லை. வந்துவிட்டாள்.'

'வியாழன், காலை 6.40. கூப்பிடவில்லை. வந்துவிட்டாள்.'